ஓடும் லாரியை எங்கிருந்தோ ஒருவர் நிறுத்த முடியுமா?

வாசகர் கேள்வி: ஐயா, நாமக்கல்லில் லாரித் தொழில் செய்கிறேன். மொத்தம் 22 வண்டிகள், அவற்றில் ஆறு கேஸ் டேங்கர். ஒன்பது வண்டிகள் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புதியவை, அவற்றில் கம்பெனியிலேயே இணைய இணைப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவற்றில் நானே ஜி.பி.எஸ். கருவி வாங்கி மாட்டியிருக்கிறேன். செல்போனிலிருந்தே வண்டியை நிறுத்தும் வசதியும் அதில் உண்டு. அவற்றில் நான்கு வண்டிகளுக்கு பைனான்ஸ்காரர் கேட்டதால் மாட்டியது. போன மாதம் ஒரே இரவில் என் இரண்டு பழைய வண்டிகள் நாக்பூருக்கு அருகே, 40 கிலோமீட்டர் இடைவெளியில், எஞ்சின் அணைந்து நின்றுவிட்டன. காலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகின. கருவி விற்றவர் "நெட்வொர்க் கோளாறு" என்கிறார். அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப்பையே ஹேக்கர்கள் நிறுத்தினார்கள், இதுவும் அதுதான் என்கிறான் என் மகன். ஹேக்கிங்கைத் தடுக்கும் பெட்டி என்று சொல்லி, வண்டிக்கு 18,000 ரூபாய் கேட்டு ஒருவர் வந்து போகிறார். வாங்கலாமா? இல்லை, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி டிரைவரிடம் போனில் கேட்டுக்கொள்ளட்டுமா?

பதில்:

வணக்கம். முதலில் அந்தப் பெட்டி. வாங்காதீர்கள். 22 வண்டிக்கு 3,96,000 ரூபாய் ஆகிறது. அது எந்த ஒயரில் உட்காரும், எந்த வழியை அடைக்கும் என்று விற்க வந்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "எல்லாவற்றையும் தடுக்கும்" என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஹேக்கிங்கைத் தடுக்கும் இந்த வேலையில்தான் நான் இத்தனை வருடமாக இருக்கிறேன். எல்லாவற்றையும் தடுக்கும் பெட்டியை இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் மகன் சொன்ன ஜீப் கதை உண்மை. ஆனால் அந்த வழியாக உங்கள் பழைய லாரிக்குள் யாரும் வந்திருக்க முடியாது. அந்த வண்டியில் இணையத்தோடு பேசுவது ஒன்றே ஒன்றுதான். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டிய கருவி. எனவே நாக்பூரிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு வண்டி மட்டும் நின்றிருந்தால் நான் ஹேக்கரைத் தேட மாட்டேன், ரிலேயைத் தேடுவேன். ரிலே என்பது கரண்டைத் துண்டிக்கும் சிறு மின் சுவிட்ச். கருவியோடு வரும் கட் ஆப் ரிலே பெரும்பாலும் கார்களுக்கான 12 வோல்ட் ரகம். லாரியின் பேட்டரி 24 வோல்ட். அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். காயில் சூடாகி, உள்ளே இருக்கும் தொடுமுனை கருகி, வண்டி குலுங்கும்போதெல்லாம் கரண்டு விட்டு விட்டு வரும். சங்ககிரிப் பக்கம் ஒரு ஷெட்டில் இப்படி "மர்மமாக" நின்றுகொண்டிருந்த வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டேன். ரிலே எதிலும் பிணைக்கப்படாமல் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது, மூடி பழுப்பேறியிருந்தது, இணைப்புகளில் சாலடரிங் கிடையாது, ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அன்றைய ஹேக்கர் அந்த டேப்தான்.

உங்கள் கதை வேறு. இரண்டு வண்டிகள், ஒரே இரவு, 40 கிலோமீட்டர் இடைவெளி, காலையில் இரண்டுமே சரியாகிவிட்டன. இரண்டு ரிலேக்கள் பேசி வைத்துக்கொண்டு கருகுவதில்லை. எனக்குத் தெரிந்து இதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். உங்கள் கணக்கிலிருந்தோ விற்பனையாளரின் கணக்கிலிருந்தோ யாரோ "நிறுத்து" என்று அழுத்தியிருக்கலாம். வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம், கை தவறியதாகவும் இருக்கலாம். பல செயலிகளில் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டலில் எல்லா வண்டிக்கும் கட்டளை அனுப்பும் வசதி உண்டு. அல்லது கருவியில் இருக்கும் சிம்முக்கு யாரோ குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். மூன்றாவது, சில கருவிகளில் சிக்னல் முடக்கப்பட்டதாகத் தோன்றினால் வண்டியைத் தானாகவே நிறுத்தும் திருட்டுத் தடுப்பு அமைப்பு உண்டு. அது இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தால், "நெட்வொர்க் கோளாறு" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்துவிடலாம். அப்படியென்றால் அந்த அமைப்பை யார், எப்போது, உங்களைக் கேட்காமல் போட்டார்கள் என்பது அடுத்த கேள்வி.

மூன்றில் எது என்று ஊகிக்க வேண்டாம். கருவி நிறுவனத்திடம் அந்த இரண்டு வண்டிகளின் கட்டளைப் பதிவேட்டை எழுத்தில் கேளுங்கள்: அந்த இரவு எந்த நிமிடம், எந்தக் கணக்கிலிருந்து, எந்த இணைய முகவரியிலிருந்து, என்ன கட்டளை போனது. கூடவே இரண்டு சிம்களுக்கும் அந்த இரவில் வந்த குறுஞ்செய்திகளின் விவரமும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதைக் கேட்க முடியும். பெரும்பாலும் அது உங்கள் பெயரில் இருக்காது, கடைக்காரரின் தம்பி பெயரில் இருக்கும். அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

இப்போது ஜீப். 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு பத்திரிகையாளரை ஜீப் செரோக்கி வண்டியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகச் சொல்லிவிட்டு, தாங்கள் வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டார்கள். ஏ.சி. தானாக ஓடியது, வைப்பர் ஆடியது, கடைசியில் ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. உள்ளே போன வழி, பாட்டு கேட்கவும் வழி பார்க்கவும் வைத்திருந்த திரை. அது செல்போன் வலைப்பின்னலில் இணைந்திருந்தது. அதில் 6667 என்ற எண்ணுள்ள நுழைவாயில் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்து கிடந்தது. திரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு சில்லின் மென்பொருளை மாற்றி எழுதி, அங்கிருந்து பிரேக்கும் கியரும் பேசிக்கொள்ளும் ஒயருக்குத் தாவினார்கள். ஜீப்பைத் தயாரித்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செல்போன் நிறுவனமான ஸ்பிரிண்ட் தன் பக்கத்தில் அந்த வாசலை அடைத்தது. வண்டிக்காரர்களுக்குத் திருத்திய மென்பொருள் யு.எஸ்.பி. குச்சியில் தபாலில் போயிற்று. முன்பின் தெரியாத யு.எஸ்.பி.யை எதிலும் செருகாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் அன்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த ஒயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பி.எஸ். 6 வண்டிகளிலும் அதுதான் ஓடுகிறது. எஞ்சினுக்கு ஒரு கணினி, பிரேக்குக்கு ஒன்று, மீட்டர் போர்டுக்கு ஒன்று, புகைக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று. இவை பேசிக்கொள்வது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்களில். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட இந்த முறைக்குப் பெயர் கேன். தண்ணீர் கேன் அல்ல.

உங்கள் ஊர் புக்கிங் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "இந்தூருக்கு 16 டன்" என்று ஒருவர் குரல் கொடுத்தால் எல்லோர் காதிலும் விழுகிறது, தேவைப்படுபவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பெரியவரோ அவர் பேச்சுதான் எடுபடும். கேனில் நடப்பதும் இதுதான். செய்தியின் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு முன்னுரிமை. ஆனால் புக்கிங் ஆபீஸில் முகம் தெரியும். ஒயரில் முகம் கிடையாது. "எஞ்சினின் வேகம் இது" என்று ஒரு செய்தி வந்தால், அதைச் சொன்னது எஞ்சின் கணினிதானா என்று சரிபார்க்க அந்த முறையில் இடமே வைக்கவில்லை. லாரிகள் பயன்படுத்தும் ஜே1939 என்ற வகையில் அனுப்புநர் எண் என்று ஒன்று உண்டு. தபால் உறையின் மேல் அனுப்புநர் முகவரி எழுதுகிறோமே, அதுபோல. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். 1986-இல் வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு வண்டிக்குள் பேசியதெல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தது.

கார்களில் இந்தச் செய்திகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் உட்கார வேண்டும். லாரியில் அந்தச் சிரமமும் இல்லை. ஒருவர் எஞ்சினும் மற்றொருவர் பிரேக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காக ஜே1939-ஐப் பொதுமொழியாக வைத்தார்கள். 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ஆம் வருடத்து டிரெய்லர் இழுவை லாரி ஒன்றில் மடிக்கணினியை ஒயரில் இணைத்து, ஆக்சிலரேட்டரைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் பிரேக்கையும் செயலிழக்க வைத்தார்கள். அதே செய்திகள் 2001-ஆம் வருடத்துப் பள்ளிப் பேருந்திலும் வேலை செய்தன. அவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்து, கையால் ஒயரைச் செருகித்தான் செய்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து அந்த ஒயரை எட்டுவதற்கு நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

அந்தப் பாலத்தை நாமே கட்டிக் கொடுக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். 2015-இலேயே சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் இதைக் காட்டிவிட்டார்கள். காப்பீட்டுக்காகவும் வண்டி ஓட்டத்தைக் கணக்கெடுக்கவும், மெக்கானிக் தன் கணினியை இணைத்துப் பழுது பார்க்கும் சோதனைச் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி ஒன்று. அதற்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, ஒரு கார்வெட் காரின் வைப்பரை ஓட விட்டார்கள், மெதுவாகப் போகும்போது பிரேக்கைப் பிடிக்கவும் வைத்தார்கள். பிடிக்காமல் செய்தும் காட்டினார்கள். காரில் குறை எதுவும் இல்லை. செருகியதில்தான் இருந்தது.

உங்கள் பழைய வண்டிகளில் இருப்பது இதற்கும் எளிய சாதனம். அதற்கு கேன் ஒயரே தேவையில்லை. ரிலேதான் கை, சிம்தான் காது. 2019-இல் ஒரு ஹேக்கர், ஐடிராக், புரோடிராக் என்ற இரண்டு கண்காணிப்புச் செயலிகளில் 27,000 கணக்குகளுக்கு மேல் புகுந்துவிட்டதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். செய்த வேலை இதுதான்: பயனர் பெயர்களை வரிசையாக ஊகித்து, ஒவ்வொன்றிலும் 123456 என்று அடித்துப் பார்த்தார். அதுதான் கருவியோடு வந்த கடவுச்சொல்; யாரும் மாற்றவில்லை. வண்டிகள் பல நாடுகளில் இருந்தன, இந்தியாவும் அதில் உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே போகும் வண்டிகளின் எஞ்சினை அணைக்கும் வசதி அவர் கைக்கு வந்திருந்தது. 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, எம்.வி.720 என்ற இன்னொரு கருவியைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. எல்லாக் கருவியையும் திறக்கும் ஒரே மூலக் கடவுச்சொல் அதன் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. சில குறுஞ்செய்திக் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் கருவிகள் 169 நாடுகளில் 15 லட்சம் வண்டிகளில் இருந்தன.

இதையும்விட எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது 2010-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்தது. பழைய கார் விற்கும் ஒரு நிறுவனம், தவணை கட்டாதவர்களின் காரை நிறுத்துவதற்காக டேஷ்போர்டுக்குக் கீழே கருவி வைத்திருந்தது. உங்கள் பைனான்ஸ்காரர் கேட்டதைப் போலத்தான். ஒரு நாள் நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் ஸ்டார்ட் ஆகவில்லை. சில, நடுராத்திரியில் தாமாகவே ஹாரன் அடித்தன. செய்தது வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பழைய ஊழியர். அவருடைய கணக்கை மூடிவிட்டார்கள். கூட வேலை செய்தவரின் கடவுச்சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் செயலியின் கடவுச்சொல் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள், மகன், ஆபீஸில் ட்ரிப் ஷீட் போடுபவர், போன வருடம் நின்றுபோன மேனேஜர், கருவி விற்ற கடை, கடையில் வேலை பார்க்கும் பையன், அந்த நான்கு வண்டிகளுக்கு பைனான்ஸ்காரரும் அவருடைய வசூல் ஆட்களும். நாக்பூர் விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் இந்தப் பட்டியலின் மேல்தான் கட்டுவேன். நின்ற இரண்டும் பைனான்ஸ்காரரின் நான்கில் வருகிறதா என்றும் பாருங்கள்.

என்ன செய்வது? முதல் வேலை, அந்த ரிலேயை இடம் மாற்றுவது. இதைப் படித்து முடித்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடலாம். இப்போது அது எரிபொருளையோ இக்னிஷனையோ துண்டிக்கும் இடத்தில் இருக்கும். லோடு ஏற்றிய டேங்கர் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது எஞ்சின் அணைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீயரிங் கல்லாகிவிடும். எஞ்சின் பிரேக் போய்விடும். காற்று கம்பிரசர் நின்றுவிடும், தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றுக்கு எத்தனை மிதியோ அத்தனைதான் பிரேக். அதே ரிலேயை ஸ்டார்ட்டர் சுற்றில் போட்டால், நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்ய விடாமல் தடுக்கும். ஓடும் வண்டியை யாராலும் அதன் வழியாக அணைக்க முடியாது. ஷெட்டிலும் ஓட்டல் வாசலிலும் நிற்கும் வண்டி திருடு போகாமல் இருக்க அது போதும். பைனான்ஸ்காரருக்கும் அது போதும். தவணை தவறினால் அடுத்த முறை நின்ற இடத்திலேயே வண்டி கிடக்கும். ஒத்துக்கொள்ளவில்லையென்றால், ஓடும் டேங்கரை நிறுத்தி விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாற்றும்போது 24 வோல்ட் ரிலே, பிணைத்து வைக்க ஒரு கிளாம்பு, சாலடரிங். எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்தது கடவுச்சொல், அது இரண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். செயலிக்கு ஒன்று, குறுஞ்செய்திக் கட்டளைக்காகக் கருவிக்குள்ளேயே ஒன்று. செயலியில் மாற்றினால் கருவியில் மாறாது. சங்ககிரியில் நான் சொன்ன அந்த ஷெட்டில், முதலாளி செயலிக்கு நல்ல நீளமான கடவுச்சொல் வைத்திருப்பதாகப் பெருமைப்பட்டார். அவருடைய அனுமதியோடு, அவர் பார்க்க, அவர் வண்டியின் கருவிக்கு என் செல்போனிலிருந்து 123456 போட்டு இருப்பிடம் கேட்டேன். பத்து விநாடியில் பதில் வந்தது, வரைபட இணைப்போடு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கருவிக்குள் "இன்னின்ன எண்ணிலிருந்து வரும் கட்டளையை மட்டும் கேள்" என்று போடும் வசதி இருந்தால் அதையும் போடச் சொல்லுங்கள். சாதாரண சிம்மை எடுத்துவிட்டு, கருவிகளுக்கென்றே தரப்படும் 13 இலக்க எம்2எம் சிம்மை உங்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்குங்கள். முன்பே குறித்துக் கொடுத்த எண்களோடு மட்டும் பேசும்படி அதைக் கட்டிவைக்கலாம். செயலியில் ஆளுக்கொரு கணக்கு, ட்ரிப் ஷீட் போடுபவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும், நிறுத்தும் உரிமை உங்களுக்கும் மகனுக்கும் மட்டும், அதுவும் ஓ.டி.பி. கேட்ட பிறகு. இந்த வசதிகள் இல்லாத செயலி என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள். சந்தாவில் வண்டிக்கு நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

டேங்கர்களில் கருவியைக் கழற்ற நினைக்காதீர்கள். ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிகளுக்கு ஏ.ஐ.எஸ். 140 தரநிலைப்படி இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். ஆனால் அந்தத் தரநிலை எஞ்சினை அணைக்கும் ரிலேயைக் கேட்கவில்லை. ஆகவே டேங்கரில் ரிலேயே வேண்டாம் என்பது என் கருத்து, ஸ்டார்ட்டரில்கூட.

பி.எஸ். 6 வண்டிகளுக்கு வருகிறேன். அவற்றின் இணைய இணைப்பைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. ஜீப் சம்பவத்துக்குப் பிறகு உலகம் முழுக்க, வெளியுலகோடு பேசும் பெட்டிக்கும் பிரேக், எஞ்சின் ஒயருக்கும் நடுவில் கேட்வே என்ற காவல் கணினியை வைக்கும் பழக்கம் பரவியது. டோல்கேட் போல, எந்தச் செய்தி எந்தப் பக்கம் போகலாம் என்று அது பார்த்து விடும். ஐரோப்பாவில் வண்டிகளுக்கு சைபர் பாதுகாப்பு சட்டமே ஆகிவிட்டது. ஐ.நா.வின் ஆர்155 விதிமுறைப்படி, 2024 ஜூலையிலிருந்து சைபர் பாதுகாப்பு ஒப்புதல் இல்லாத புதிய வண்டியை அங்கே விற்க முடியாது. பெட்ரோலில் ஓடும் மக்கான் காரை அந்த விதிக்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்று போர்ஷே நிறுவனம் ஐரோப்பியச் சந்தையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. இந்தியாவிலும் அதே வழியில் ஏ.ஐ.எஸ். 189 என்ற தரநிலை வகுத்திருக்கிறார்கள். அடுத்த வண்டி எடுக்கும்போது மைலேஜ் கேட்பதோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: கேட்வே இருக்கிறதா? மென்பொருள் திருத்தம் எத்தனை வருடத்துக்கு வரும்? ஷோரூமில் உள்ளவர் விழிப்பார், பரவாயில்லை. பத்து முதலாளிகள் கேட்டால் கம்பெனிக்குக் காது கேட்கும்.

பி.எஸ். 6 வண்டியில் எனக்குக் கவலை, பட்டறை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாவைத் தொட்டியில் ஊற்றும் செலவை மிச்சப்படுத்த, சில பட்டறைகளில் ஒரு சிறு பெட்டியை கேன் ஒயரில் இணைத்துத் தருகிறார்கள். தொட்டி நிரம்பியிருக்கிறது, புகை சுத்தமாக இருக்கிறது என்று அது எஞ்சின் கணினியிடம் ஓயாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கும், எஞ்சினும் நம்பும். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். எங்கள் கண்ணோட்டத்தில், எந்த ஊரில் யார் எழுதினார்கள் என்றே தெரியாத மென்பொருளை, வண்டியின் புக்கிங் ஆபீஸுக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். சிலவற்றில் புளூடூத்தும் உண்டு. உங்கள் வண்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்படி ஏதாவது ஒயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் ஓரளவு பார்க்கலாம். கேன் ஒயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, 16 முள் சோதனைச் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 40 காட்டினால் மூன்றாவதாக ஏதோ ஒன்று மின்தடையோடு சேர்ந்திருக்கிறது. 120 என்றால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. சில வண்டிகளில் முள் எண் மாறும், எலக்ட்ரீஷியன் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். சரியாக 60 காட்டினாலும் கண்ணால் ஒருமுறை ஒயரிங்கைத் தடவிப் பார்ப்பது நல்லது. மின்தடை இல்லாத பெட்டி இந்தச் சோதனையில் சிக்காது. சோதனைச் சாக்கெட்டில் எதுவும் நிரந்தரமாகச் செருகி இருக்கக் கூடாது என்பதை எழுதாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர்களிடமும் பேசுங்கள். கண்காணிப்பு என்றாலே தங்களைத் திருடர்களாக நினைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றும். அந்த எரிச்சலில் சிலர் சிகரெட் லைட்டரில் செருகும் ஜி.பி.எஸ். தடுப்பானை வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு டிரைவர் முதலாளிக்குத் தெரியாமல் இருக்க இதைப் பயன்படுத்தி, நியூவார்க் விமான நிலையத்தின் விமானம் இறக்கும் கருவியையே குழப்பிவிட்டார். 2013-இல் அவருக்கு விதித்த அபராதம் 31,875 டாலர். இங்கும் அது சட்டவிரோதம். திட்டுவதைவிட, எதற்காகக் கண்காணிக்கிறீர்கள், எதைக் கண்காணிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேல்.

போனில் கேட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அதையும் விட்டுவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஆர்ப்காம் என்ற வண்டிக் கண்காணிப்பு நிறுவனம் பணம் பறிக்கும் வைரஸில் சிக்கியபோது, டிரைவர்கள் வேலை நேரத்தைக் காகிதத்தில் எழுத அரசே விலக்குக் கொடுத்தது. அடுத்த வருடம் பிரிட்டனில் மைக்ரோலைஸ் நிறுவனம் தாக்கப்பட்டபோது, கைதிகளை ஏற்றிச் செல்லும் வேன்களின் இருப்பிடமும் அபாய மணியும் வேலை செய்யாமல் போயின. இரண்டிலும் வண்டியை யாரும் தொடவில்லை. தொட்டது வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கணினியை. உங்கள் ஆபீஸில் 22 வண்டி எண், டிரைவர் பெயர், கிளீனர் எண், இன்றைய லோடு, பார்ட்டியின் எண் எல்லாம் எழுதிய நோட்டு ஒன்று மேசையில் இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன், காலை ஆறுக்கு ஒரு போன்.

கட்டளைப் பதிவேட்டைக் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பல நிறுவனங்கள் பழைய பதிவுகளைக் கொஞ்ச நாளில் அழித்துவிடும், போன மாதத்துச் சங்கதி என்கிறீர்கள். வந்ததும் வண்டி எண்ணையும் பெயர்களையும் மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். நேரமும் கணக்கின் பெயரும் இருந்தால் போதும், பார்த்துச் சொல்கிறேன்.